ஏழாவது கலம்

படிவத்தில் ஏழாவது கலம்:
வன உயிரினம் இடம்பெயர்ந்ததற்கான காரணம்.
அதற்கு விட்டிருக்கும் இடம்
ஒரு கையெழுத்துக்குக்கூடக் காணாது.

கலிவரதன் மனுவில் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்.
தை கடைசி வரை ஒன்றுகூட இல்லை.
மாசி பிறந்தது, பதினேழு மயில்.
மல்லாட்டைக் கொல்லையைக் காலால் கிளறி
பிஞ்சோடு விழுது வெளியே கிடக்கிறது.
கடைசி வரியை அழுத்தி எழுதியிருந்தார்:
'யாரோ மேட்டிலிருந்து ஓட்டி விடுகிறார்கள்.'

யாரோ என்றால் அஞ்சலாட்சி.
முந்திரிக்காட்டில் குத்தகைக்காரருக்குக் காவல்.
வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறினேன்.
கேப்பர் மலை என்கிறார்கள்,
மலை என்று சொல்லக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும்.
செருப்பெல்லாம் செம்மண்.

'நான் எதுக்கும்மா ஓட்டறேன்' என்றாள்.
'பூ கருகுதுன்னு ரெண்டு தரம் மருந்து அடிச்சாங்க.
கொட்டை விழுந்தா கண்ணுக்குத் தெரியணும்னு
மரத்தடி பூரா நான்தான் கூட்டினேன்.
அவ்வளவுதான்.'

குனிந்து பார்த்தேன்.
மரத்தடி மரத்தடியாகச் சுத்தம்.
ஒரு சருகில்லை, சருகுக்கடியில் பூச்சியில்லை,
பூச்சிக்கு வரும் ஓணான் இல்லை.
விளக்குமாறு இழுத்த கோடுகள்மேல்
மூன்று விரல் தடங்கள் சில,
எல்லாம் கீழ்நோக்கி.

கேட்காமலே மீதியையும் சொன்னாள்.
ஐப்பசியில் பள்ளக்கொல்லை தண்ணியில் நிற்கும்,
அப்போ மொத்தமும் மேட்டுக்கு வந்துவிடும்.
சேவலுக்கு அப்போ வால் இருக்காது,
பார்த்தால் யாரோ அடகு வைத்த மாதிரி இருக்கும்.
குஞ்சு பொரித்த பெட்டைகள் தனி,
ஓடைக்கரைப் புற்றுப் பக்கம் போகும்,
குஞ்சுக்குக் கரையானும் ஈசலும்தான் தீனி,
நெல்லெல்லாம் அப்புறம்.
தையில் சம்பா அறுத்தால் தாளடியில் சிந்தின நெல்.
சித்திரையில் வெயில் தாங்காமல் மறுபடி இங்கே, நிழலுக்கு.
'தானே புயலில் பெரிய மரமெல்லாம் சாய்ந்ததே,
அந்த வருசம்தான் எங்க போறதுன்னு தெரியாம
செல்போன் டவர்ல ஏறி உட்கார்ந்துச்சுங்க.'

எழுதிக்கொண்டே வந்தேன்,
படிவத்தின் பின்பக்கம் நிறைந்துவிட்டது.
வாக்குமூலம் என்பதால் விலாசம் கேட்டேன்.
ஆனி வரைக்கும் இந்தக் கொட்டகை,
அப்புறம் நடவு எங்கே கூப்பிடறாங்களோ அங்கே,
மார்கழிக்கு மேல் நெல்லிக்குப்பம் கரும்பு வெட்டு,
கொட்டை விழுந்தால் திரும்ப இங்கே.
ரேசன் கார்டு எந்த ஊரில் என்றேன்.
சிரித்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் உடைந்த பானையின் அடிப்பாகம்,
அதில் தண்ணீர், தண்ணீருக்கு முன்னால் ஒரு பெட்டை.
என்னைக் கண்டதும் நகர்ந்தது,
இடது கால் தரையில் படவில்லை.
'கீழே போன கூட்டத்தோடதான் போச்சு.
முந்தாநாள் இப்படித் திரும்பி வந்துச்சு.
நடந்தே.'
வேறொன்றும் சொல்லவில்லை அவள்,
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

சாயங்காலம் கலிவரதன் கொல்லை.
முப்பத்தெட்டு பாத்தி சேதம், அளந்தேன்,
அதில் பொய்யில்லை.
விதைக்கு வாங்கின கடன் சீட்டையும் காட்டினார்,
அதிலும் பொய்யில்லை.
வரப்பை ஒட்டிப் புதுக்கம்பி, முழங்கால் உயரத்தில்,
ஓர் இடத்தில் மட்டும் தொய்ந்திருந்தது.

வெயில் இறங்கியதும் மயில்கள் கிளம்பின.
பறக்கவில்லை.
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போல வரப்பில் நடந்து
வாய்க்கால் ஓரத்துப் பனைகளுக்குப் போயின.

அங்கேயே, வண்டி சீட்டில் படிவத்தை வைத்து
ஏழாவது கலத்தில் எழுதினேன்: மாசி மாதம்.
தாசில்தார் திருப்பி அனுப்புவார். அனுப்பட்டும்.

எட்டாவது கலம், எண்ணிக்கை.
'பதினேழு மேடம்' என்றார் கலிவரதன்.
பதினாறுதான் எண்ணியிருந்தேன்.
திரும்ப எண்ணினேன், பனைமேல், ஒவ்வொன்றாக.
அவரும் விரல்விட்டு எண்ணினார்,
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேனா மூடி என் வாயில் இருந்தது.
தொய்ந்த கம்பியை இரண்டு பேருமே பார்க்காமல்
கொஞ்ச நேரம் அங்கே நின்றோம்.